வண்டியைப் பிடிக்க ஓடியவன்

அன்புள்ள கூட்டாளி,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. ‘ண’ போடும்போது சுழிகளை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எண்ணி முடிப்பதற்குள் எழுத வந்த சொல் மறந்துபோகிறது. காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்தேன். இந்த இடத்துக்கு வருவதற்குள் என் பாக்கியம் சோறு வடித்துவிட்டாள். ஆனாலும் பார், இது என் கை எழுதியது. நீ இருந்தவரை உனக்கு முடிந்து எனக்கு முடியாமல் போனது இது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இப்போது எனக்கும் முடிகிறது. நீ பார்க்காத நேரத்தில் முடிகிறதே என்பதில்தான் கொஞ்சம் எரிச்சல்.

நேற்று தேக்காவுக்குப் போயிருந்தேன். சந்தைக்கு வெளியே ஒருவர் கச்சாங் பூத்தே, அதுதான் நம் வறுத்த கடலை, விற்றுக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் பிளாஸ்டிக் பையில்தானே கட்டித் தருகிறார்கள். இவர் மட்டும் பழைய தாளைச் சுருட்டிப் பொட்டலம் போட்டுத் தந்தார். வறுத்த கடலையின் சூட்டில் தாள் மை கொஞ்சம் இளகி ஒரு வாசனை வருமே, அந்த வாசனை. வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கடலை தீர்ந்ததும் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துப் படித்தேன். எங்கோ ஓர் ஊரில் புதுப் பாலம் திறக்கப் பெரிய மனிதர் ஒருவர் வந்தாராம். நாடாவை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தாராம். அங்கே தாள் கிழிந்திருந்தது. வெட்டினாரா? கத்தரிக்கோல் மழுங்கலா? யாராவது முன்னாலேயே பாலத்தில் நடந்துபோய்விட்டார்களா? யோசித்துக்கொண்டே இருந்ததில் நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. நடந்து திரும்பும்போதுதான் தோன்றியது, இது உன் வியாதி அல்லவா என்று.

நீ தியேட்டருக்கு வெளியே, நான் உள்ளே. டோபி காட் பக்கம் அந்த தியேட்டர் இருந்த காலம் முழுக்க அப்படித்தான். நீ வாசலில் மேசை போட்டுக் கடலையும் பட்டாணியும் முறுக்கும் விற்றாய். நான் டார்ச் விளக்கோடு இருட்டில் நின்று, லேட்டாக வருகிறவர்களை நாற்காலிக்குக் கூட்டிப்போனேன். எண்கள் எனக்குத் தெரியும், அதற்கு மேல் எதுவும் தெரியாது. ஆனால் எத்தனை படம் பார்த்தேன்! நீயோ உள்ளே வந்து ஒரு முழுப் படம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இடைவேளையில்தான் உனக்கு வியாபாரம். படம் ஓடும் நேரத்தில் அடுத்த இடைவேளைக்குப் பொட்டலம் சுருட்ட வேண்டும்.

அந்தப் பொட்டலத்தில்தான் எல்லாம் இருந்தது. வீடு வீடாகக் கழிவுச் சாமான் எடுக்கிற காராங்கூனிக்காரரிடம் பழைய பத்திரிகைகளை மூட்டையாக வாங்குவாய். ஒவ்வொரு தாளையும் சுருட்டுவதற்கு முன் படித்துவிடுவாய். படிக்காமல் ஒரு தாளைக்கூட நீ சுருட்டியதில்லை. ஊரிலிருந்து வந்த ஏதோ ஒரு பத்திரிகையில் சினிமா எப்படிப் பிறந்தது என்று ஒருவர் வாராவாரம் எழுதியிருந்தார். அதைத் தாள் தாளாக, முன்னும் பின்னுமாக, பாதியும் காலுமாகப் படித்தாய். மீதி எந்த மூட்டையில் போனதோ தெரியாது. சில நேரம் நீயே அவசரத்தில் கடலையோடு விற்றிருப்பாய். அப்படிக் கிழிந்த இடத்திலிருந்து உன் வேலை ஆரம்பிக்கும்.

குதிரை ஓடும்போது நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்று ஒரு பணக்காரருக்குச் சந்தேகம். பாதை நெடுகக் கேமராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல் கட்டி, குதிரையை ஓட விட்டார்கள். நூல் அறுந்தால் கேமராவில் படம் விழும். இதுவரை பத்திரிகை. அந்தப் படங்களைக் குதிரைக்கே காட்டினார்கள், அது தன் காலைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டது என்பது நீ கட்டியது. பிறகு ஒரு பெட்டி வந்தது, ஓட்டையில் கண்ணை வைத்து ஒருவர் மட்டும் பார்க்கலாம். இதுவும் பத்திரிகை. பின்னால் நின்றவன் பொறுமை இழந்து முன்னால் நின்றவனின் காதைப் பிடித்து இழுத்தான், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி திரையில் காட்டலாம் என்று பிரான்சில் இரண்டு சகோதரர்களுக்குத் தோன்றியது என்பாய். அந்தக் காது உன்னுடையது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ரயில். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கை அணைத்து, சகோதரர்கள் கைப்பிடியைச் சுற்றுகிறார்கள். தூரத்தில் ஒரு ரயில் புள்ளியாகத் தெரிகிறது, பெரிதாகிறது, நேராக வருகிறது. சனம் அலறி அடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறது. அங்கே தாள் கிழிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்து நீ சொல்வது எந்தப் பத்திரிகையிலும் வந்திருக்காது. “எல்லாரும் இந்தப் பக்கம் ஓடுறாங்க. ஒருத்தன் மட்டும் துணிப்பெட்டியத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் ஓடுறான் லா. காலையில வண்டிய விட்டவன்!” பெட்டிக்காரன் ரயிலைப் பிடிக்க ஓடி, துணிக்குப் பின்னால் இருந்த சுவரில் நெற்றியை முட்டிக்கொள்வான்.

நீ எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னால், அந்த இடத்தில் என் பாக்கியம் சிரிப்பாள். முந்தானையால் வாயை மூடி, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பாள். எத்தனை தடவை சொன்னாலும் அதே சிரிப்பு. கூட்டாளி, இப்போது எழுதிவிடுகிறேன், கையில் பேனா இருக்கிறது. எனக்கு வயிறு எரியும். படம் பார்த்தவன் நான். இரவு வீட்டுக்கு வந்து முழுக் கதையையும் சண்டையோடும் அழுகையோடும் சொன்னால், அவள் “ம்” கொட்டிக்கொண்டே வெங்காயம் உரிப்பாள். நீ கிழிந்த தாளை வைத்துக்கொண்டு சொல்கிறாய், அவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

தியேட்டரை மூடிய பிறகும் இது என்னை விடவில்லை. உனக்கும் புக்கிட் மேராவில், எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்கு எதிர்ப் புளோக்கிலேயே வீடு கிடைத்தது. சாயங்காலம் ஆனால் கீழே கல்மேசையைச் சுற்றிக் கூட்டம். நடுவில் நீ. எனக்குப் பேரங்காடியில் துப்புரவு வேலை. முடித்து வந்து சேரும்போது கதை பாதிக்கு மேல் ஓடியிருக்கும். நான் தூரத்தில் வருவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, “வா கூட்டாளி, இடம் இருக்கு, உக்காரு” என்பாய். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாக்கியமும் சிரிப்பாள். என் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். கோபத்தில் வீட்டுக்குப் போய்விட்ட நாட்களும் உண்டு.

தைப்பூசம் முடிந்த கொஞ்ச நாளில் நீ போய்விட்டாய். கல்மேசையில் உன் இடத்தில் யாரும் உட்காரவில்லை. பேச்சும் நின்றுபோனது. நான் சமூக மன்றத்தில் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். முதியவர்களுக்காக ஓர் ஆசிரியை வந்து நடத்துகிறார். எதற்காகப் படிக்க ஆசை என்று முதல் நாளே ஒவ்வொருவரையும் கேட்டார். பக்கத்தில் இருந்த அம்மா, பேரன் அனுப்பும் செய்தியைப் படிக்க என்றார். நான் சும்மா என்றேன். ஒருவர் மேல் உள்ள பொறாமையில் என்று எப்படிச் சொல்வது?

எழுத்து கூட்டிப் படிக்க வந்ததும், சினிமா பிறந்த கதை தமிழில் இருந்தால் வேண்டும் என்று கேட்டேன். அவரே நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். விரலை வரியின் கீழே வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தேன். என்ன சந்தோஷம் தெரியுமா! ஒரு சொல் திறந்தால் பின்னால் இன்னொரு சொல். இருட்டில் டார்ச் அடித்தால் நாற்காலி வரிசை ஒவ்வொன்றாகத் தெரியுமே, அப்படி. அதைவிடப் பெரிய சந்தோஷம், உன் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்தது. சனம் அலறி ஓடியதற்குச் சரியான சான்றே கிடையாதாம், பிற்காலத்தில் கட்டிவிட்ட கதையாக இருக்கலாமாம். சகோதரர்கள் முதன்முதலாகக் காசு வாங்கிக் காட்டிய அன்றைக்கு அந்த ரயிலே இல்லையாம்! தொழிற்சாலை வாசலில் ஆட்கள் வேலை முடிந்து வெளியே வருவது, ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டுவது, தோட்டக்காரன் முகத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிப்பது, இந்த மாதிரிப் படங்கள்தானாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

போன வாரம் கல்மேசையில் உன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். பாக்கியத்தை எதிரில் உட்காரச் சொன்னேன். பழைய கூட்டம் வந்தது. புத்தகத்தில் இருந்தபடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். முன்பு லாரி ஓட்டிய மருதை பாதியில் கையைத் தூக்கினார். “வேலை முடிஞ்சு ஆளுங்க வெளிய வர்றத காசு குடுத்தா பார்த்தாங்க? துவாஸ் பேக்டரி வாசல்ல நான் தினமும் சும்மா பார்த்தேனே லா.” சிரித்தார்கள், ஆனால் அது மருதைக்கு விழுந்த சிரிப்பு. ரயில் அன்றைக்கு வரவேயில்லை என்று நான் சொன்னேன். மருதை கேட்டார், “அப்போ பெட்டிக்காரன்?”

அப்படி ஒருவன் இல்லை என்றேன். பாக்கியம் எழுந்து, சாமிக்கு விளக்கு வைக்க வேண்டும் என்று மாடிக்குப் போய்விட்டாள். புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கதைதான் சொன்னேன் என்றாலும், உன்னை இரண்டாம் தடவை சுடுகாட்டுக்குத் தூக்கிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

நேற்று பாதித் தாளைப் படித்துவிட்டு நடந்து வந்தேன் என்றேனே, கிழிந்த இடத்திலிருந்து நானும் கட்டிச் சொல்வது என்று அந்த நடையில் முடிவு செய்தேன். சாயங்காலம் மறுபடி உட்கார்ந்தேன். ரயிலை வரவைத்தேன். சனத்தை ஓட விட்டேன். பெட்டிக்காரனை ஓட விட்டுச் சுவரில் முட்டவைத்தேன். பாக்கியம் முந்தானையைக் கையில் எடுத்தாள். ஆனால் அதோடு விட்டால் அது உன் கதைதானே? எனக்கென்று ஒரு துண்டு வேண்டாமா? உன் கதையில் எல்லோரும் இருக்கிறார்கள், டார்ச் பிடிக்கிறவன் மட்டும் இல்லை. ஆகவே கதையிலேயே மறுநாள் ஆக்கி, பெட்டிக்காரனை மறுபடி வரவைத்தேன். விளக்கு அணைவதற்கு ரொம்ப முன்னாலேயே வந்து வாசலில் நிற்கிறான். “நேத்து லேட் லா. இன்னைக்கு முன்னாடியே வந்துட்டேன். வண்டி எங்க நிக்கும்?” டார்ச்சுக்காரன் விளக்கை அடித்து அவனை முதல் வரிசைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, பெட்டியை மடியில் வைத்து, “இங்கதான் நிக்கும், எந்திரிக்காதீங்க” என்கிறான்.

பாக்கியம் சிரித்தாள் கூட்டாளி. முந்தானை, தோள், கண்ணீர், எல்லாம். என்னைப் பார்த்து, என் சொல்லுக்கு.

கண்ணைத் துடைத்துவிட்டு அவள் சொன்னாள், “டார்ச்சுக்காரன் வந்துட்டானா! அவன கேட்டு எவ்வளவு நாளாச்சு. அண்ணே போனதோட அவனும் போயிட்டான்னு நெனச்சேன்.”

அவளுக்கு அண்ணே என்றால் நீதானே. எந்த டார்ச்சுக்காரன் என்று கேட்டேன். நீ ஒரு நாளும் அவனைச் சொன்னதில்லை, உன் கதையில் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும் என்றேன். மருதைதான் சிரித்துக்கொண்டே சொன்னார். “நீங்க இல்லாதப்ப சொல்லுவாரு. பெட்டிக்காரன டார்ச்சுக்காரன் தேடிக்கிட்டு வருவான். அண்ணே சொல்ற ஆளு ரொம்ப கோவக்காரன் லா. நீங்க நல்லவனா ஆக்கிட்டீங்க.” அவன் வருகிற இடமும் நான் வேலை முடிந்து வருகிற நேரமும் ஒன்றாக இருக்குமாம். தூரத்தில் என் தலை தெரிந்ததும் நிறுத்திவிடுவாயாம்.

என் சட்டையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. இப்போதுதான் தெரிகிறது.

இரவெல்லாம் படுக்கையில் புரண்டேன். என்னைக் கதைக்குள் வைத்தாயே என்று ஒரு பக்கம் நெஞ்சு நிறைகிறது. நான் சொந்தமாகக் கட்டிய ஒரே ஒரு துண்டையும் எனக்கு முன்னாலேயே கட்டி, என் முதுகுக்குப் பின்னால் சொல்லி, என் பெண்டாட்டியைச் சிரிக்கவைத்துவிட்டுப் போயிருக்கிறாயே என்று இன்னொரு பக்கம் எரிகிறது. எரிகிற பக்கம்தான் கொஞ்சம் பெரிது. இத்தனை வயதில், இல்லாத ஆள்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. தியேட்டரிலிருந்து கொண்டுவந்த அந்த டார்ச்சும் அலமாரியில் இருக்கிறது. இன்று காலை பேட்டரி வாங்கிப் போட்டேன், எரிகிறது.

அடுத்து குதிரையைச் சொல்லச் சொல்கிறார்கள். நூல் அறுகிறவரை புத்தகத்தில் படித்துவிட்டேன், அதற்கப்புறம் நானேதான். உன் குதிரை குனிந்து காலைப் பார்த்தது. என் குதிரை என்ன செய்யும் என்று உன்னிடம் இப்போது சொல்ல மாட்டேன், நீ எப்படியாவது முந்திக்கொள்வாய். சொல்லி முடித்து, பாக்கியம் சிரித்த பிறகு, வருகிற வாரம் இதே நேரம் உட்கார்ந்து எழுதுகிறேன். அதையும் நீ முன்னாலேயே சொல்லியிருந்தால், அதையும் எழுதுகிறேன்.

உன் கோபக்கார டார்ச்சுக்காரன்