பன்னிரண்டாம் கல்லுக்கு அப்பால்

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொன்ன பேச்சைக் கேட்காத உன் தங்கை எழுதுவது. நான் நலம். அண்ணியின் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் கூப்பிட்டால் என்னை ஒரு வார்த்தை பேச விடமாட்டாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்துப்பிழை பார்க்காதே. நான் ஐந்தாவதோடு நின்றவள்.

இருபதாம் தேதி வந்து வீட்டைக் காலி செய்து என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாய். அந்த ஏரியைத் தனியாக ஒரு முழுச் சுற்று சுற்றிக் காட்டு, அப்புறம் உன் இஷ்டப்படி இரு என்று சவால் வேறு. அதோடு விட்டாயா? வீட்டுக்காரம்மாவுக்கும் போன் போட்டுவிட்டாய். அவர் வந்து, எப்போ காலி பண்றே என்று கேட்டார். எங்க அண்ணன்தானே காலி பண்றேன்னு சொன்னாரு, அவரு இந்த வீட்டுல குடியிருந்தாத்தானே காலி பண்ண முடியும், இருக்கறது நான்தானேன்னு சொல்லி அனுப்பிவிட்டேன்.

இடது பக்கம் இழுத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரியில் கிடந்து ஆறு மாதம் ஆகிறது. நான்கு மாதமாகத் தினமும் காலையில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் சதுப்பு ஏரிக்குப் போகிறேன். சுற்றிலும் சிமெண்டுப் பாதை, நூறு மீட்டருக்கு ஒரு கல், மொத்தம் இருபத்து நான்கு கல். பன்னிரண்டாவது கல்லில் ஒரு பெஞ்சு. அதுதான் கடைசி பெஞ்சு. அதற்கு அப்பால் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கோரைப்புல், விழுந்தால் யாருக்கும் தெரியாது. அதனால் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து, வந்த வழியே திரும்பிவிடுவேன். பாதிச் சுற்றுதான் முடிகிறது என்று உன்னிடம் போனில் அழுததும் அதனால்தான்.

போன வாரம் பாதை கூட்டும் அம்மா என்னை நிறுத்தினாள். ஏன்க்கா, பன்னெண்டு வரைக்கும் போயிட்டு மறுபடி பன்னெண்டு நடந்து வர்றீங்களே, நேரா போனாலும் அதே தூரம்தானே, வீடு வந்துடுமே என்றாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மடித்துப் போட்ட துணியை அளந்தால் இரண்டு மடங்கு என்று இருபத்தைந்து வருஷமாகக் கணக்குப் போட்டு வெட்டுகிற தையல்காரி நான்! நான்கு மாதமாக முழுச் சுற்று தூரத்தை நடந்துவிட்டுப் பாதி பாதி என்று ஒப்பாரி வைத்திருக்கிறேன். அவளும் நானும் சிரித்த சிரிப்பில் அவள் கையில் இருந்த துடைப்பம் கீழே விழுந்தது.

வியாழக்கிழமை பெஞ்சில் உட்காராமல் தாண்டிவிட்டேன். உன்னிடம் மறைக்கவில்லை, பதினேழாவது கல்லில் இடது கால் தரையைத் தேய்த்தது. பிடிக்க ஒரு கம்பிகூட இல்லை. அப்படியே நின்றேன். எதிரே தண்ணீரில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. உனக்கு அண்ணன் யாரும் இல்லைபோல, நிம்மதியா நிக்கறியேன்னு அதைக் கேட்டேன். மூச்சு வந்ததும் நடந்தேன். இருபத்து நான்காவது கல்லில் அந்தக் கூட்டும் அம்மா காத்திருந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வெள்ளி, சனி, ஞாயிறும் சுற்றினேன். இன்று காலை மிஷின் மேல் போட்டிருந்த துணியை எடுத்துவிட்டு எண்ணெய் போட்டேன். எதிர்வீட்டு டீச்சர் இரண்டு ஜாக்கெட் துணி கொடுத்திருக்கிறார். ஆகவே நான் வரமாட்டேன். உன் வீட்டு மாடி அறையில் சாய்வு நாற்காலி போட்டு, எழுந்திருக்காதே, குனியாதே என்று நீ காவல் காத்தால், இந்தக் கால் ஒரே மாதத்தில் நடையை மறந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய் நீ அழுதாய் என்று அண்ணி சொன்னாள். எனக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று உனக்குப் பயம். எனக்கு மட்டும் இல்லையா? இருக்கிறது அண்ணா. அந்தப் பயத்தோடு என் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்.

இருபதாம் தேதி கட்டாயம் வா. மூட்டை கட்ட ஆள் கூட்டி வராதே, அண்ணியைக் கூட்டி வா. நான்கு நாள் தங்கு. நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். என்னை மட்டும் கொஞ்சம் நம்பு.

இப்படிக்கு,
உன் அடங்காத தங்கை