திரும்பிய நேரம்

செப்டம்பர் 14

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பாருங்கள், அதனால் எழுதுகிறேன்.

முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் அரட்டையை நிறுத்திவிட்டு நோட்டைத் திறந்தார்கள். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் நானும் மாணவி என்று புரிந்தது. பக்கத்தில் இருப்பவள் நம் மகளைவிட இரண்டு வயது சின்னவள். பாறைகளைப் பற்றிய இந்தப் படிப்பில் நான்தான் மூத்த பாறை.

அறை நம் கடையின் ஸ்டோர் ரூம் அளவு. ஆனால் ஜன்னலைத் திறந்தால் மலை! இருபத்திரண்டு வருஷம் கரும்பலகையில் முக்கோணம் போட்டு ‘இதுதான் மலை’ என்று பிள்ளைகளை ஏமாற்றியிருக்கிறேன். இதன் இடுப்பில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. அது என்னவென்று பார்க்காமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

‘நாற்பத்தாறு வயசில் படிப்பா? போனால் போனபடியே இரு’ என்றீர்கள். கோபத்தில் சொன்னதா, நிஜமாகவே சொன்னதா? டிசம்பர் விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வரலாமா? ஒரு வரி போதும்.

உங்கள் மனைவி,
முதலாமாண்டு மாணவி

அக்டோபர் 20

அன்புள்ளவருக்கு,

காலாவதி மருந்துகளைத் திருப்பி அனுப்பும் பெட்டியில் என் கடிதத்தைப் பிரிக்காமலே போட்டு வைத்திருப்பதாகப் போன மாதமே மகள் சொன்னாள். கம்பெனிக்கு அனுப்பிவிடாதீர்கள், மாற்றுச் சரக்கு தர மாட்டார்கள்.

சனிக்கிழமை நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்து டீக்கடையில் ஒரு பதிவேடு உண்டு. ஏறுகிறவர்கள் பெயர், நேரம், ‘வராவிட்டால் யாருக்குச் சொல்வது’ எல்லாம் எழுத வேண்டும். இறங்கியதும் ‘திரும்பிய நேரம்’ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொழுது சாய்வதற்குள் அந்தக் கட்டம் நிரம்பாவிட்டால் தேட ஆள் கிளம்பிவிடும். யாருக்குச் சொல்வது என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு நம் கடை நம்பரைத்தான் எழுதினேன்.

வெள்ளைக் கோட்டை எட்டிவிட்டேன்! அதற்குள் என் முழங்கால்கள் இரண்டும் தனிக்குடித்தனம் போயிருந்தன. அது சுண்ணாம்புப் பாறை. அதற்குள் சுண்டுவிரல் நகம் அளவில் சிப்பிகள். அவ்வளவு உயரத்தில்! ‘ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது’ என்று வகுப்பில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். தொட்டுப் பார்த்தபோதுதான் நானே நம்பினேன். அந்தக் கடல் எந்தப் பக்கம் போனது என்று யோசித்துக்கொண்டே இறங்கி, டீக்கடையைத் தாண்டி, நேரே அறைக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டேன். போன் சார்ஜ் தீர்ந்து பைக்குள் கிடந்தது.

யாரோ கதவை இடிக்கும் சத்தத்தில் எழுந்து திறந்தால் கயிறும் டார்ச்சுமாக ஆறு பேர். வெள்ளைக் கோட்டை நோக்கிப் பாதி மலை ஏறிய பிறகுதான், நான் இறங்கிப் போனதை யாரோ பார்த்ததாகத் தகவல் வந்து திரும்பினார்களாம். அங்கே தேடச் சொன்னது யார் என்றுதான் தெரியவில்லை. நான் அங்கே போவேன் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியும்?

கடைக்கும் தகவல் போய்விட்டதாமே. கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. திட்டுவதற்காவது எழுதுங்கள்.

உங்கள்
கும்பகர்ணி

நவம்பர் 3

டீச்சருக்கு,

திட்டத்தான் எழுதுகிறேன்.

கடையில் கூட்டம். எவனோ ஒருத்தன் போனில் உன் பெயரைச் சொல்லி ‘இன்னும் திரும்பவில்லை’ என்று இங்கிலீஷில் சொல்கிறான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மாத்திரைப் பட்டையில் இருப்பதுதான். ஷட்டரை இறக்கிவிட்டு, பெட்டியைத் தரையில் கொட்டி, உன் கடிதத்தைப் பிரித்தேன். மகளைக் கூப்பிட்டு, “வெள்ளைக் கோட்டுக்குத்தான் போயிருப்பா, அங்க தேடச் சொல்லு. என்னன்னு பாக்காம விடமாட்டா உங்கம்மா” என்றேன்.

மூன்று மணி நேரம் கழித்து, தூங்குகிறாய் என்று தகவல். நீ கூப்பிட்டபோது எடுக்காதது கோபத்தால் இல்லை. ‘போனபடியே இரு’ என்று நான் சொன்னதுதான் அவ்வளவு நேரமும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

டிசம்பரில் வரலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் வீட்டுக்கு வர என்னிடம் என்ன பர்மிஷன்? வா.

முழங்காலுக்குத் தைலம் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். காலை, மாலை இரண்டு வேளை. தேய்க்க மட்டும்.

பக்கத்துக் கடை டெய்லர், “உங்க வீட்டம்மா மலைமேல சிப்பி பாத்தாங்களாமே, அது எப்படிங்க?” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்டது அவர்தான், எனக்கொன்றும் அவசரமில்லை. இருந்தாலும் அந்தக் கடல் எந்தப் பக்கம் போனது என்று தெரிந்தால், படம் போட்டு விவரமாக எழுது.

இப்படிக்கு,
மருந்துக்கடை