ஷட்டர் விழுந்ததா

குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே துணிக்கொடியில் உன் ஃபிலிம் சுருள் நீர் சொட்டிக்கொண்டு தொங்குகிறது. விளக்கைப் போடாமலேயே தடவித் தடவி மாட்டினேன். படம் விழுந்திருக்கிறதா இல்லையா என்று இன்னும் பார்க்கவில்லை. காயட்டும் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

கை முழுக்க ரப்பர் பாலின் புளித்த வாடை. ஃபிலிம் கழுவுகிற மருந்துக் குப்பிகளைக் குளிரவைக்க ஐஸ் போட்டது நீ கொடுத்த அலுமினிய டிஷ்ஷில்தான். ஆரியங்கோட்டில் உன் வீட்டுப் பின்புறம் பால் ஊற்றி உறைய வைத்து ஷீட் எடுத்த டிஷ் அது. எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் வாடை போகாது. அந்த வாடைதான் உனக்கு எழுது என்று என்னை மேஜைக்குத் தள்ளியது. சும்மா உட்கார்ந்திருந்தால் நகத்தைக் கடித்தே தீர்த்திருப்பேன்.

நீ முதன்முதலில் பாறசாலையில் என் கண்ணாடிக் கடைக்கு வந்தது கண் பார்க்க இல்லை. வங்கி வேலை முடிந்து வந்தவன், பைக்குள்ளிருந்து பூஞ்சை பிடித்த ஒரு பழைய ஜெர்மன் லென்ஸை எடுத்து மேஜையில் வைத்தாய். "கண்ணாடிக் கடைக்காரருக்கு இத தொடைக்கத் தெரியாதா?" என்றாய். தெரியாது என்றேன். "அப்ப ரெண்டு பேருமா படிப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாய். இரண்டு பேருக்கும் அப்போதே தலை பாதி நரைத்திருந்தது. அந்த வயதில் புதிதாக ஒரு சிநேகிதன் கிடைப்பான் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அந்த லென்ஸைப் பிரித்துத் துடைத்துத் திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணி மிச்சம் வந்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நீ அதை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இது இல்லாமலும் வேலை செய்யுதுல்லா" என்றாய். அதே லென்ஸைத்தான் உன் ரஷ்யக் கேமராவில் மாட்டி வைத்திருந்தாய். செங்கல் கனம் உள்ள கேமரா. அந்த லென்ஸில் எடுத்தால் முகத்துக்குப் பின்னால் இருக்கிற இலைகள் எல்லாம் லேசாகச் சுழன்று நிற்கும். அது உனக்கு எத்தனை பிடிக்கும்.

நாம் இரண்டு பேரும் கழுவிய முதல் சுருளை நினைக்கிறேன். டெவலப்பரை நிறுத்த லேசான அமிலம் வேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தாய். "ஆசிட்டுக்கு நமக்கா பஞ்சம்?" என்று ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஆசிட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாய். தண்ணீர் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தாய், உன் கணக்குக்கு. சுருளை எடுத்துப் பார்த்தால் படம் முழுக்க ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள். பிரிண்டில் உன் மாமனார் முகத்தில் கறுப்புக் கறுப்பாகப் பொட்டு. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். உன் மனைவி எட்டிப் பார்த்து, "அப்பாக்கு இந்த வயசுல அம்மை போட்டுட்டு" என்றார். அதற்குப் பிறகு தண்ணீர் எவ்வளவு, ஆசிட் எவ்வளவு என்று நான்தான் அளந்தேன். நீ ஷீட் எடுக்கிற கையால் ஃபிலிம் கழுவுகிற டாங்கைக் குலுக்கினாய்.

நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டுடியோவை மூடியபோது அவர்களுடைய ஃப்ரிட்ஜில் கிடந்த காலாவதியான சுருள்களை எல்லாம் நீ வாரிக்கொண்டு வந்தாய். காலாவதியானதில் போய் எடுப்பார்களா என்று நான் புலம்பினேன். "வயசானவங்களுக்கு வெளிச்சம் கூடுதல் வேணும், அவ்வளவு தான் மக்கா" என்றாய். படம் எடுத்த நாளிலிருந்து கழுவுகிற நாள்வரை நான் படும் பாடு உனக்கு வேடிக்கை. எனக்கு அந்த நாட்களில் தூக்கமே சரியாக இருக்காது. நீ அந்தக் காத்திருப்பையே ஒரு சுகமாக வைத்துக்கொண்டிருந்தாய். "எடுத்தது எடுத்தாச்சு. இனி அது உள்ள சமாதானமா கெடக்கும். நீயும் கெட."

அம்பூரிக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ரப்பர் தோட்டங்களைத் தாண்டி மேலே ஏறி, அந்தப் பெரிய பாறைமேல் நின்றுகொண்டாய். கேமராவை என் கையில் கொடுத்து, "என்னை ஒண்ணு எடு, எனக்க படம் ஒண்ணுகூட என்கிட்ட இல்ல" என்றாய். ஒருநாளும் கேட்காதவன் கேட்கிறாய், கெடுத்துவிடக் கூடாதே. லைட் மீட்டரைப் பார்த்தேன், மேகம் நகர்ந்தது, மறுபடி பார்த்தேன். ஃபோகஸ் வைத்தேன், சந்தேகம் வந்தது, மறுபடி வைத்தேன். "எலே, மழை வருது, அமுக்கு" என்றாய். அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் ஹாரன் அடித்தபடி வளைவில் ஏறிவந்தது. அடுத்த நொடி மழை. கேமராவை என் கையிலிருந்து வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினாய். ஷட்டர் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தத்தை ஹாரன் தின்றுவிட்டது. வண்டியில் உன்னிடம் கேட்டேன். "விழுந்தா விழுந்தது. இல்லெங்கில் அடுத்த வாரம் வாறோம்" என்றாய்.

அடுத்த வாரம் நீ இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே போய்விட்டாய்.

உன் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டிருப்பது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. பரீட்சை எழுத வந்த ஆள் மாதிரி விறைப்பாக இருக்கிறாய். மைனிக்கு, உன் மனைவிக்கு, அது பிடிக்கவே இல்லை. பதினாறாம் நாள் சடங்கு கழிந்து நான் போனபோது கேமராவைக் கொண்டுவந்து தந்தார். "உள்ள ஃபிலிம் இருக்கு. அம்பூரியில நீங்க அவரை எடுத்ததா சொன்னாரு. அது ஒண்ணு எனக்கு வேணும்" என்றார். எடுத்தேனா என்று தெரியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

அதிலிருந்து கேமரா என் கடை மேசை இழுப்பறையில் இருந்தது. அம்பூரிக்குப் பிறகு நீயும் சிலது எடுத்திருக்கிறாய், அதனால் ஃபிலிமை நகர்த்தும் லீவரை அசைத்துப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க வழியில்லை. கழுவினால் இல்லை என்று தெரிந்துவிடும். கழுவாமல் வைத்தால் இந்தப் புழுக்கத்தில் பழைய சுருள் தினம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். வெயில் அடித்தாலும் மனம் அடித்துக்கொண்டது, மழை பெய்தாலும் அடித்துக்கொண்டது. நேற்று மைனி கூப்பிட்டு, "அது என்னாச்சு?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை.

சுருளைத் திரும்பச் சுற்றும்போது அறுந்துவிடுமோ என்று குமிழை மெல்ல மெல்லத் திருப்பினேன். குளியலறை ஜன்னலில் கம்பளி, கதவிடுக்கில் துண்டு. இருட்டில் ரீலில் சுற்றும்போது ஒரு இடத்தில் சிக்கியது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. உன் குரலில் எனக்கு நானே "பதறாத மக்கா" என்று சொல்லிக்கொண்டேன், சத்தமாகவே. ஆசிட் ஊற்றவில்லை, மன்னித்துக்கொள். வெறும் கிணற்றுத் தண்ணீர்தான். இதில் மட்டும் துணிச்சல் காட்ட என்னால் முடியாது.

*

மாலை ஆகிவிட்டது. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

ஜன்னலில் இருந்த கம்பளியை இழுத்துப் போட்டுவிட்டுச் சுருளைத் தூக்கிப் பிடித்தேன். படம் இருந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். மங்கல்தான், ஆனால் இருந்தது. வளைவுச் சாலை, ரப்பர் மரங்கள். பிறகு ஒரு ஆள் குனிந்து கையில் எதையோ பார்க்கிறான். அடுத்ததிலும் அவனே, வானத்தைப் பார்க்கிறான். அதற்கடுத்ததில் கண்ணாடியைத் துடைக்கிறான். சட்டையைப் பார்த்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. கேமராவை என்னிடம் தருமுன், வழியெல்லாம் நான் மீட்டரைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நீ என்னை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய், திருட்டுப் பயலே.

அதற்கடுத்த படம் நான் எடுத்தது. நெகட்டிவை ஃபோனில் எடுத்து நிறத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பாறை அத்தனை தெளிவு, அதன்மேல் படர்ந்த பாசிகூடத் தெரிகிறது. பாறைமேல் நீ இல்லை. பொறுமை இழந்து இறங்கி, கேமராவை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறாய். அந்த நேரத்தில்தான் என் விரல் அமுங்கியிருக்கிறது. உன் முகம் ஆடிக் கலைந்துபோயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மைனியிடம் என்ன சொல்வது?

சொல்லத் தெரியாமல் கூப்பிட்டேன். ஆரியங்கோட்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். ஃபோனை நீட்டினேன்.

"முகம் தெளியல்ல மைனி. எனக்க தப்பு."

அவர் ஃபோனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"முகம் எனக்குத் தெரியாததா?" என்றார். "இது அவருக்க நடை ஆக்கும். ஒரு தோளச் சாய்ச்சிட்டு, கைய நீட்டிட்டு வாறது பாருங்க. சாயங்காலம் கேட்டைத் திறந்து இப்படித்தான் வருவாரு. வேறொரு போட்டோவிலயும் இது கெடையாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெருசா போட்டுத் தாங்க. கூடத்துல மாலை போட்டிருக்கத எறக்கிடலாம்" என்றார். கேமராவைத் திருப்பிக் கொடுக்க நீட்டினேன். "அது இங்க இருக்கட்டு" என்று குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நீ வைத்திருந்ததில் மிஞ்சிய ஒரு சுருளை அவசரமாகப் போட்டேன். சுருள் பற்றியிருக்கிறதா என்று குமிழைச் சுற்றிப் பார்த்தேன், பிறகும் ஒரு முறை பார்த்தேன். என் பயம் எங்கும் போய்விடவில்லை, அதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை. வெளியே தூறல். மைனி கேட்டுக்கு அருகில் நின்று குடையை விரித்துக்கொண்டிருந்தார். கேமராவைத் தூக்கினேன். வயதான சுருளுக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாக வைத்தேன். ஃபோகஸ் சரியா என்று தெரியவில்லை. கொஞ்சம் காத்திருந்தேன், நீ கையை நீட்டிக்கொண்டு வருவாய் என்பதுபோல.

பிறகு அழுத்தினேன். சத்தம் கேட்டது.