பதினேழு எலிகளின் சாட்சி

தம்பிக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

உன் சிகரெட் ஆராய்ச்சி அறிக்கையைப் போன வாரம் அவள்தான் வாசித்துக் காட்டினாள். புகைக் கூண்டில் செத்த பதினேழு எலிகளும் அவற்றுக்குத் தீனி போட்டுப் பார்த்துக்கொண்ட என் கவனக்குறைவால் சளி பிடித்துச் செத்தனவாம். அதனால் ஆராய்ச்சியில் சேர்க்கவில்லையாம். கீழே என் கைநாட்டு. "லீவு பேப்பர்தான் அண்ணா, சும்மா வை" என்றாயே, அதுவா இது?

கூண்டில் தொங்கும் அட்டையை எனக்குப் படிக்கத் தெரியாது என்றுதான் எலிகளின் காதில் வெட்டு வைத்து அடையாளம் பண்ணினோம். இடது காதில் இரண்டு வெட்டு இருந்த எலிக்கு நுரையீரலில் பட்டாணி அளவு கட்டி. வலது காதில் மூன்று வெட்டு இருந்ததற்கு அதைவிடப் பெரிய கட்டி. நீ அறுத்துப் பார்க்கும்போது விளக்கைப் பிடித்தவன் நான். "அண்ணா, புகைதான் கொல்லுது, கண்டுபிடிச்சிட்டோம்!" என்று குதித்தாய். மறுவாரம் ஆய்வுக்கூடம் கட்டிக்கொடுத்த சிகரெட் கம்பெனிக்காரர்கள் காரில் வந்தார்கள். அதோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாய்.

நீ அவர்களுக்குப் பயந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பழியைப் போட உனக்கு வேறு ஆளா கிடைக்கவில்லை? உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவனடா நான்.

திங்கட்கிழமை, உன் அறிக்கையை விசாரிக்கிற குழு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. அதற்குள் நீயே போய்ச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் பதினேழையும் ஒவ்வொன்றாக நான் சொல்லத்தான் போகிறேன். எதுவும் மறக்கவில்லை. நீ எதிரே உட்கார்ந்திருப்பாயே, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டுமே என்றுதான் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

இன்னமும்,
உன் அண்ணன்