மொஸ்கோவில் தந்த கோட்டு

அன்புள்ள அப்பா,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

மொஸ்கோவில் நீங்கள் படிக்கும்போது உங்களுக்குத் தந்த குளிர்க்கோட்டைத்தான் வேலைக்குப் போடுகிறேன். அது ஏது என்று என்னோடு பொதி கட்டும் லுத்மிலா கேட்டாள். அவளும் மொஸ்கோதான். படிப்பு, விடுதி, கோட்டு எல்லாம் அவள் நாடு உங்களுக்குச் சும்மா கொடுத்ததைச் சொன்னேன்.

அவள் கோட்டின் கையைத் தடவினாள். இப்போது அங்கே அரசு செலவில் படிக்க எல்லாருக்கும் இடமில்லையாம். அவளுடைய மகனுக்குக் கிடைக்கவில்லை. அவன் படிப்புக்காகத்தான் இங்கே ஸ்காபரோவில் இரண்டு வேலை செய்கிறாள்.

"ரஷ்யரை எங்க கண்டாலும் நான் நன்றி சொன்னனான் எண்டு சொல்லு, பிள்ளை" என்பீர்களே. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோட்டின் மேல் பொத்தான் விழுந்துவிட்டது. அலுமாரியில் பொருத்தமானது இருந்தால் அனுப்புங்கள். லுத்மிலா தைத்துத் தருகிறாளாம். நான் சொல்லாத அந்த நன்றியையும் அவளுடைய மொழியில் நீங்களே எழுதி, பொத்தானோடு வையுங்கள்.

பஸ் வருகிறது.

உங்கள் மகள்,
வலன்ரினா