மூன்றாம் தளத்துப் பின்கதவு இன்னும் பூட்டியே இருப்பது குறித்து

அனுப்புநர்:
இறுதிச் சோதனைப் பிரிவு ஊழியர்,
அடையாள அட்டை எண் 317,
ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை, மூன்றாம் தளம்.

பெறுநர்:
உயர்திரு தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: தீர்ந்துவிட்டதாக முடிக்கப்பட்ட எங்கள் கோப்பை மீண்டும் எடுத்து, தீராத கதவை நேரில் பார்வையிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் தளத்தார் அறுபத்தோரு பேர் கையெழுத்திட்ட மனு.
2. "கோரிக்கை நிறைவேறியதால் கோப்பு முடிக்கப்படுகிறது" என்ற தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்படி தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தைத்து முடித்த உடுப்பை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, நூல் பிசிறு எங்கே இருக்கிறதோ அங்கே சிறிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. அம்பு ஒட்டிய துணி, சரி செய்யப்படாமல் தளத்தை விட்டு வெளியே போகாது. என் தங்கை அதே தளத்தில் காலர் தைக்கிறாள். அவளுடைய மெஷின் கடைசி வரிசையில், பின்கதவை ஒட்டி இருக்கிறது. அவள் முன்படிக்கு வர வேண்டுமென்றால் பதினான்கு வரிசை மெஷின்களையும், இடையில் கிடக்கும் துணிக் கூடைகளையும் தாண்டி வர வேண்டும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. பின்கதவு இரும்புக் கதவு. சட்டைகள் திருடு போகின்றன என்று சொல்லி அதற்குப் பூட்டுப் போட்டார்கள். நாங்கள் கேட்டபோது, "கதவு தொறந்து கெடந்தா சட்டைக்குக் கால் மொளச்சிடும்மா" என்றார் சூப்பர்வைசர். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். சாவி கீழே வாசல் காவலரிடம் இருக்கும்.

3. சென்ற செப்டம்பரில் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு இஸ்திரிப் பகுதியில் வயர் கருகித் தளம் முழுக்கப் புகை பரவியது. பின்பக்க வரிசைக்காரர்கள் தொண்ணூறு பேருக்குமேல் பின்கதவுக்கு ஓடினார்கள். காவலர் துணி லாரிக்கு வழி காட்டப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்துச் சாவியோடு கொண்டுவர ஒன்பது நிமிடம் ஆயிற்று. நெருப்புப் பிடிக்கவில்லை, யாரும் சாகவில்லை. எங்கள் நல்ல நேரம், அவ்வளவுதான். கதவோடு சேர்த்து நெருக்கப்பட்டதில் என் தங்கைக்கு இரண்டு விலா எலும்புகள் விரிசல் விட்டன. விபத்துப் பதிவேட்டில் "படியில் வழுக்கி விழுந்தார்" என்று எழுதியிருக்கிறார்கள். அடிபட்டபோது அவள் படியைக் கண்ணாலும் பார்க்கவில்லை ஐயா. படி கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

4. மறுநாள் நாங்கள் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். நான்கு நாள் உட்கார்ந்தோம். கொடி இல்லை, மேடை இல்லை, பேசத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. குறை உள்ள இடத்தில் அம்பு ஒட்டிப் பழகிய கைகள் என்பதால், எங்களிடமிருந்த சிவப்பு அம்புகளையெல்லாம் அந்தப் பூட்டைச் சுற்றி ஒட்டினோம். பேக்கிங் பிரிவு அக்கா ஒருவர் அதைக் கைபேசியில் படம் எடுத்தார். தங்களுக்கு மனுவும் கொடுத்தோம். அதில் கோரிக்கை ஒரே வரிதான்: வேலை நேரத்தில் பின்கதவுக்குப் பூட்டு கூடாது.

5. அந்தப் படம் கடல் தாண்டிவிட்டது. நாங்கள் தைக்கும் உடுப்பு விற்கும் ஊர்களில், கடை வாசலில் மாணவர்களும் பெண்களும் உடம்பெல்லாம் சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டு மழையில் நின்றார்கள். சாப்பாட்டு இடைவேளையில் அதைப் பார்த்து நான் அழுதேன். முகம் தெரியாதவர்கள் என் தங்கைக்காக நனைகிறார்கள் என்றால் யாருக்குத்தான் அழுகை வராது? அவர்கள்மேல் எனக்கு இன்றும் மனத்தாங்கல் இல்லை.

6. ஆனால் போகப் போக ஆளாளுக்கு ஒரு கோரிக்கை சேர்த்தார்கள். சுற்றுச்சூழல், வணிக ஒப்பந்தம், உலகச் சந்தை என்று பட்டியல் நீண்டது. எல்லாம் நியாயமானவையே, ஒன்றையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் கதவு பட்டியலில் பதினோராவது இடத்துக்குப் போனது. முடிவில் அவர்களுடைய இயக்கமும் எங்களிடம் துணி வாங்கும் நிறுவனமும் ஏதோ ஒரு ஊர் ஓட்டலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டபோது, அது "பாதுகாப்பான வெளியேற்றக் கொள்கை" என்று மாறியிருந்தது. கொள்கையைக் கீழ்த்தளத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கதவு மூன்றாம் தளத்தில் பூட்டியிருக்கிறது.

7. இந்தப் போராட்டத்தை ஆராய ஒரு பேராசிரியை மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். நல்ல பெண்மணி. உலகமயமாதல் காலத்தில் ஏழைத் தொழிலாளர் எப்படி அணி திரள்கிறார்கள், எங்கள் உத்தி என்ன, தலைவர் யார் என்று இரண்டு மணி நேரம் கேட்டார். உத்தி எதுவும் இல்லை, மூச்சு முட்டியது என்றேன். வந்து கதவைப் பாருங்கள் என்று கூப்பிட்டேன். உள்ளே விட அனுமதி கிடைக்கவில்லை. பிறகு அவர் எழுதிய கட்டுரையை அனுப்பிவைத்தார். அதில் எங்கள் கதவு ஒரு குறியீடு என்று இருக்கிறது. இருக்கட்டும் ஐயா. ஆனால் நான் புகார் கொடுப்பது ஆறரை அடி உயர இரும்புக் கதவைப் பற்றி.

8. இனி சொல்லப்போவதைப் படித்தால் நான் கதை கட்டுகிறேன் என்று தாங்கள் நினைக்கக்கூடும். இதற்காக எனக்குக் கொடுக்கப்பட்ட மெமோவின் நகலை இணைத்திருக்கிறேன். வெற்றியைக் கொண்டாட அந்த இயக்கத்தார் இருபதாயிரம் வெள்ளை பனியன்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். இடது மார்பில் சிறிய சிவப்பு அம்பு, நாங்கள் ஒட்டும் அதே அளவில் அச்சிட்டது. அந்த ஆர்டர் ஏஜென்ட் கை மாறி ஏஜென்ட் கை மாறி, எங்கே குறைந்த விலைக்கு முடியுமோ அங்கே வந்து சேர்ந்தது. எங்கள் மூன்றாம் தளத்துக்கு வந்தது. அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவசர ஆர்டர் என்பதால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் வரச்சொன்னார்கள். பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கதவு திறந்துவிட்டதைக் கொண்டாடும் பனியனைத் தைத்தோம்.

9. அதில் ஒரு தவறு நடந்தது, மறைக்கவில்லை. சிவப்பு அம்பைக் கண்டால் எங்கள் கை யோசிக்காது. முதல் கட்டு எங்கள் சோதனை மேசைக்கு வந்ததும், பேக்கிங்குக்கு எடுத்துப்போக நின்றவர்கள் பழக்கத்தில் அதைத் தூக்கிக் குறைக் கூடையில் போட்டார்கள். குறை நீக்குகிறவர்கள் ஸ்டிக்கரை நகத்தால் உரித்துப் பார்த்து, வராததால் பசை காய்ந்துவிட்டது என்று நினைத்துக் கறை நீக்கும் மருந்து போட்டுத் தேய்த்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பனியன்கள் பாழாயின. அந்த மேசைக்குப் பொறுப்பு நான். "இயக்கத்தின் பெயரால் திட்டமிட்ட நாசவேலை" என்று எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். வருகிற புதன்கிழமை விசாரணை. அன்றோடு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. நான் போய்விட்டால் அந்தக் கதவைப் பற்றிக் கேட்க ஆள் கிடையாது.

10. தங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை வந்தேன். மூன்றாம் முறை எழுத்தர் அன்பாகவே பேசினார். "அதான் ஜெயிச்சிட்டீங்களேம்மா, பேப்பர்லயே வந்துச்சே. இன்னும் என்ன வேணும்?" என்றார். தோற்றவர்களாவது மீண்டும் வந்து கேட்கலாம் போலிருக்கிறது. ஜெயித்தவர்கள் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதைத் தாங்களாவது சொல்ல வேண்டும்.

11. முதல் மனுவின் நகல் "கருத்துரைக்காக" எங்கள் மேலாளருக்கு அனுப்பப்பட்டதையும் வருத்தத்தோடு தெரிவிக்கிறேன். கையெழுத்துகளோடு சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள். அவர் தளத்தின் நடுவில் நின்று அறுபத்தோரு பெயரையும் வாசித்தார். ஆகவே இந்த மனுவில் நான் மட்டுமே கையெழுத்திடுகிறேன். என் தங்கை தானும் போடுவதாகப் பிடிவாதம் பிடித்தாள். நான் பேனாவைக் கொடுக்கவில்லை.

12. தங்கள் அலுவலர் ஜனவரியில் வந்து "கதவு திறந்துள்ளது" என்று எழுதிச் சென்றது பொய்யல்ல. அவர் வருவதாகத் தொலைபேசி வந்ததும் பத்து இருபதுக்குத் திறந்தார்கள். அவருடைய வண்டி வாசலைத் தாண்டியதும் பூட்டினார்கள்.

ஆகவே, கோப்பை மீண்டும் எடுத்து, புதன்கிழமைக்குள் தாங்களே நேரில் வர வேண்டுகிறேன். முன்கூட்டிச் சொல்லாமல், வேலை நேரத்தில் வாருங்கள். முன்வாசல் வேண்டாம், அங்கே தங்களுக்கு நாற்காலி போட்டுவிடுவார்கள். பின்சந்தில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இரும்புப் படி ஏறுகிறது. மூன்று தளம் ஏறிக் கதவைத் தள்ளிப் பாருங்கள். திறந்தால் இந்த மனுவில் உள்ளதெல்லாம் பொய் என்று எழுதிக் கொடுத்து, மெமோவையும் ஏற்றுக்கொண்டு, வேலையை விட்டுப் போகிறேன்.

திறக்காவிட்டால் கையால் தட்டுங்கள் ஐயா. உள்ளே மெஷின் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காது. கதவை ஒட்டிய மெஷினில் இருக்கும் என் தங்கைக்குக் கேட்கும். எழுந்து கதவருகே வருவாள். தாங்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்லுவாள். கதவைத் திறக்க மட்டும் அவளால் முடியாது.

இணைப்பு: மெமோ நகல், தங்கையின் எக்ஸ்ரே அறிக்கை நகல்.

இடம்: தொழிற்சாலைக்கு எதிரிலுள்ள நகலெடுக்கும் கடை
நாள்: மார்ச் 14, வெள்ளிக்கிழமை

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
இறுதிச் சோதனைப் பிரிவு, எண் 317