கடல் தாண்டிய ஐந்து நாள்

பிப்ரவரி 9

வடாம் மாவு கிளறிக்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து ஹர்ஷவர்தன் போன். "அம்மா, டிக்கெட் போட்டாச்சு. நீயும் அப்பாவும் வரேள். ஏதாவது சாக்குச் சொன்னே, நான் பேசவே மாட்டேன்." அந்தமானில் பெரிய ரிசார்ட்டாம். பிள்ளை, மாட்டுப்பெண் லக்ஷணா, குழந்தை, நாங்கள் இருவர். ஐந்து நாள்.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தமான் என்றால் கடல் தாண்டித்தானே? என் ஆத்துக்காரர் அர்ச்சகராக இருக்கிற எங்கள் கோயில் சின்னதுதான், ஆனால் வழக்கம் பெரிது. கடல் தாண்டின அர்ச்சகர் அப்புறம் பெருமாளைத் தொடக் கூடாது. இவருடைய பெரியப்பா பிள்ளை சிங்கப்பூர் போய் வந்தார், அதோடு சரி. இப்போது செங்கல்பட்டில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறார்.

பிப்ரவரி 11

இவரிடம் சொன்னேன். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கோயில் வழக்கமெல்லாம் எழுதியிருக்கிற மாமனார் காலத்துப் புத்தகத்தை எடுத்து மத்தியானம் முழுக்கப் புரட்டினார். காபி கொடுக்கும்போது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "வரலு, இதுல கப்பல்னுதான் போட்டிருக்கு. ஆகாசத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலை" என்றார். "பாஸ்போர்ட்டும் வேண்டாம். நம்ம தேசம்தானே?"

இவருக்கு ஆசை. ஐம்பத்தெட்டு வயதுக்கு இவர் பார்த்த தூரம் திருப்பதியும் ஸ்ரீரங்கமும்தான். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் ஆசை என்பதை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன்.

கோயிலில் இவர் முறை மார்ச் 15-ல் ஆரம்பம். இவரும் இரண்டு பங்காளிகளும் மாற்றி மாற்றிச் செய்கிற கைங்கர்யம். அதற்குள் வந்துவிடலாம்.

பிப்ரவரி 17

தெருவில் பெங்களூர் போகிறோம் என்று சொல்லியாகிவிட்டது. பொய் சொல்லும்போது எனக்குக் குரல் கீச்சென்று ஆகிவிடுகிறது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்திருப்பார்களோ?

பிப்ரவரி 20

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

விமானத்தில் இவர் கண்ணை மூடிக்கொண்டு ஜபம் பண்ணிக்கொண்டே வந்தார். போர்ட் பிளேயரில் இறங்கியதும், "பாத்தியா, கடல்ல கால்கூடப் படலை" என்று சிரித்தார். அங்கிருந்து வேன் நேரே துறைமுகத்தில் போய் நின்றது. எதிரே வெள்ளையாக ஒரு கப்பல்.

"ரிசார்ட் இந்தத் தீவுல இல்லைப்பா. இதுல ரெண்டு மணி நேரம் போகணும்" என்றான் ஹர்ஷா. அவன் மேல் என்ன தப்பு? புத்தகம் பார்த்த கதையை நாங்கள் அவனிடம் சொல்லவே இல்லை.

லக்ஷணா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். மேலேயிருந்து குழந்தை "தாத்தா, வா வா" என்று கையை ஆட்டுகிறது. பின்னால் ஆட்கள் நெருக்குகிறார்கள். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை, வேண்டாம் என்று சொல்லியிருந்தால் திரும்பியிருப்பார். நான் "ஏறுங்கோ" என்றேன்.

ஏறினார். இரண்டு மணி நேரமும் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தார்.

நான்தான் சொன்னேன். நான்தான்.

பிப்ரவரி 21

அறை இல்லை இது, தனி வீடு. வாசலிலேயே எங்களுக்கென்று ஒரு நீச்சல் குளம். படுக்கையில் துண்டை மடித்து இரண்டு அன்னப்பறவை, சுற்றிலும் பூ. புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடிகள் கை கோத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இவர் வெளியில் சாப்பிட மாட்டார் என்று சின்ன மின்சார அடுப்பு கொண்டு வந்திருந்தேன். கடுகு தாளித்ததுதான் தாமதம், கூரையில் ஏதோ ஒன்று வீல் வீலென்று கத்த ஆரம்பித்தது. இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நான் வாணலியை அப்படியே அலமாரிக்குள் புடவை நடுவில் வைத்துச் சாத்திவிட்டேன். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். எதற்கெடுத்தாலும் திருடி மாதிரி ஒளிக்கத் தோன்றுகிறதே.

சாயங்காலம் குழந்தை இழுத்ததில் இவர் வேஷ்டியோடு குளத்தில் இறங்கினார். வேஷ்டி பூரி மாதிரி உப்பிக்கொண்டது. இவர் சிரித்த சிரிப்பை முப்பது வருஷத்தில் நான் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது. உடனே பயமாகவும் இருந்தது.

பிப்ரவரி 22

போச்சு.

காலையில் பழம் எடுத்துக்கொள்ளச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். அரை டவுசர் போட்ட ஒருவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுகிறார். "சாமீ! நீங்க எங்க இங்க?" எங்கள் ஊர்க் காந்தி ரோட்டில் பட்டுக் கடை வைத்திருக்கும் சரத்குமார். வருஷா வருஷம் தாயாருக்குப் புடவை சாத்துகிறவர். குடும்பத்தோடு வந்திருக்கிறார்.

இவர் கையிலிருந்த பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் "பிள்ளை கூட்டிண்டு வந்தான்" என்றேன், கீச்சுக் குரலில். அதற்குள் அவர் போனை நீட்டி, இவர் தோளோடு தோள் சேர்த்துப் படம் எடுத்துவிட்டார். பின்னால் கடல், கப்பல், எல்லாம் விழுந்திருக்கும்.

பிப்ரவரி 23

லக்ஷணாவிடம் அந்தக் கடை நம்பர் இருக்கிறது, கல்யாணப் புடவை எடுத்தது அங்கேதான். "அம்மா, அவர் ஸ்டேட்டஸ் பாருங்கோ" என்று காட்டினாள். படம். கீழே, "கடல் நடுவுல நம்ம சாமி."

செருப்புக்கூடப் போடாமல் மணலில் ஓடினேன். சரத்குமார் ஊஞ்சலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷர் முகம் வெளுத்துவிட்டது. அப்போதே அழித்தார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுமா. நாப்பத்தோரு பேரு பாத்துக்கிறாங்க. எல்லாம் தறிக்காரங்க, வியாபாரிங்க. கோயில் ஆளு ஒருத்தரும் இல்ல, நல்லா தேடிப் பாத்துட்டேன். நான் வாயத் தொறக்கமாட்டேன், சாமிய பயப்படாம இருக்கச் சொல்லுங்க."

நல்ல மனுஷர். ஆனால் நாற்பத்தொரு பேர்.

பிப்ரவரி 25

ஆத்துக்கு வந்தாச்சு. வரும்போது மறுபடி அதே கப்பல். இவர் இந்தத் தடவை உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 3

பால்காரர், "பெங்களூர்ல இவ்ளோ வெயிலா சாமி, கறுத்துட்டீங்களே" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 8

மளிகைக் கடையில் நான் நுழைந்ததும் இரண்டு மாமிகள் பேச்சை நிறுத்தினார்கள். என்னைப் பற்றித்தானா? திரும்பி வரும்போது பங்காளி எங்கள் வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருந்தார். இவருக்கு முந்தைய முறைக்காரர். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் பதினைந்தாம் தேதி பூமாலைக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்க வந்திருக்கிறார். காபி ஆற்றும்போது பாதி கீழே.

மார்ச் 13

இன்றோடு பதினாறு நாள். ஒருவர் வாயிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. சரத்குமார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். இன்றைக்குத்தான் தைரியமாக, "ஏன்னா, தப்பிச்சோம்" என்றேன். இவர் நிமிரவில்லை. அந்தப் புத்தகத்தில் கப்பல் என்று போட்டிருக்கிற அதே பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

இன்னும் எதற்கு அந்தப் பக்கம்?

மார்ச் 15

விடியற்காலையில் ஸ்நானம் பண்ணி, திருமண் இட்டுக்கொண்டு கிளம்பினார். இனிப் பயமில்லை என்று பாலைக் காய்ச்சினேன். பால் பொங்குவதற்குள் திரும்பி வந்துவிட்டார். இடுப்பில் சாவிக்கொத்து இல்லை.

"சொல்லிட்டேன்" என்றார். "சாவியை நம்ம பங்காளிகிட்டயே குடுத்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை எழுதத்தான் வேண்டும். ஒருத்தருக்கும் தெரியாதே! நான் எத்தனை பேரைப் பார்த்து நடுங்கினேன், மணலில் ஓடினேன், அந்த மனுஷர்கிட்ட கெஞ்சினேன், எல்லாம் எதுக்கு? கேட்டேன், சத்தமாகவே. "எனக்குத் தெரியுமே" என்றார். "சன்னதி வாசப்படி வரைக்கும் போனேன், வரலு. கை நீளலை."

நான் "ஏறுங்கோ" என்று சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 16

ஹர்ஷா போனில் அழுதான். இவர் வாங்கி, "தீவு நன்னா இருந்ததுடா. குழந்தை நீஞ்சக் கத்துண்டுதே" என்றார். எனக்குத்தான் உள்ளே போய் அழ வேண்டியிருந்தது.

மார்ச் 19

இவர் வெளியே போகவில்லை. பெருமாள் முகத்தில் எப்படி முழிப்பது என்று உட்கார்ந்திருக்கிறார் போல. இப்படியே இருந்துவிடுவாரோ? முன்பெல்லாம் ஊர் என்ன சொல்லும் என்று பயம். இப்போது இவர் ஒன்றும் சொல்லாமலே இருந்துவிடுவாரோ என்று.

மார்ச் 22

சனிக்கிழமை. நான் கோயிலுக்குக் கிளம்பினேன். இவரும் மேல்துண்டை எடுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை.

வரிசையில் என் பக்கத்தில் நின்றார். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் அங்கே சேர்ந்து நின்றதே இல்லை. இவர் உள்ளே இருப்பார், நான் வெளியே. பின்னால் ஒரு பெண், "சாமி, நீங்க உள்ள போங்க, எதுக்கு இங்க நின்னுக்கினு இருக்கீங்க?" என்றாள். இவர், "இங்கயே இருக்கேம்மா" என்றார்.

எங்கள் முறை வந்தது. பங்காளி தீபத்தைத் திருமுகத்திலிருந்து கீழே இறக்கிக் காட்டினார். இவர் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தார். அதற்குள் தீபம் போய்விட்டது. எங்களை நகரச் சொல்லிவிட்டார்கள்.

"திருவடியைச் சேவிக்கறதுக்குள்ள எடுத்துட்டானே" என்றார் பிரகாரத்தில்.

"நீங்க அவரைவிடச் சீக்கிரம் எடுப்பேள்" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று பயந்தேன்.

"முப்பது வருஷமாவா?"

"ஆமாம்."

"வா, இன்னொரு தரம் நிக்கலாம்" என்றார். போய் வரிசையின் கடைசியில் நின்றோம்.